அம்பலம் ஏறிய பெயர்

இங்கே மிச்சிகனில் காலை ஒன்பது மணி. சிங்கப்பூர் நண்பர்களுக்கு இரவு ஒன்பது, லண்டன்காரர்களுக்கு மதியம் இரண்டு. நான் இரவுப் பணி முடித்துவிட்டு நேராக வந்து கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கொட்டாவி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அது உங்கள்மேல் உள்ள அலுப்பு இல்லை.

வரலாறு பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வரலாறு படித்தவள் அல்ல. ஊரில் நர்ஸிங் டிப்ளமோ முடித்துவிட்டுக் கப்பல் ஏறாத குறையாக வெளியே வந்தவள். ஆனால் ஒரு நர்ஸுக்குப் பதிவேடு என்றால் என்னவென்று தெரியும். முதல் வருடத்திலேயே எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்: சார்ட்டில் எழுதாதது நடக்காதது. நீ மருந்து கொடுத்தாயா, எழுதினாயா? எழுதவில்லை என்றால் கொடுக்கவில்லை. இருபது வருடமாக அந்தப் பயத்தோடுதான் பேனாவைப் பிடிக்கிறேன். இன்றைக்கு நான் சொல்லப்போவது இதற்கு நேர் எதிரான ஒன்று. எழுதிவைத்ததை நடக்காததாக ஆக்க முடியுமா என்ற கேள்வி.

மிச்சிகன் மாநிலத்தில் 83 கவுண்டிகள் இருக்கின்றன. டெட்ராய்ட் இருக்கும் கவுண்டியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் இருப்பது அது இல்லை. ஆப்பிள் தோட்டம், மக்காச்சோளம், இரவில் காரின் முன்னால் பாயும் மான்கள், நடுவில் ஒரு சிறிய டவுன். டவுனின் நடுவில் கோர்ட்ஹவுஸ். அமெரிக்காவின் நாட்டுப்புறங்களில் கவுண்டி கோர்ட்ஹவுஸ் என்பது நம் ஊர்த் தாலுகா ஆபீஸும் சார்பதிவாளர் ஆபீஸும் மாஜிஸ்டிரேட் கோர்ட்டும் ஒன்றாகச் சேர்ந்த இடம். கல்யாண லைசன்ஸ், பிறப்பு, இறப்பு, நிலப் பத்திரம், கிரிமினல் வழக்கு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. மிச்சிகனில் கவுண்டி கிளார்க் என்பவர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். அவரே சர்க்யூட் நீதிமன்றத்தின் எழுத்தரும்கூட.

அந்தக் கட்டடத்துக்குள் நான் போனது என் தோழிக்காக. அவர் பெயரைச் சொல்லமாட்டேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அவர் சம்மதித்துத்தான் இதைப் பேசுகிறேன். எங்கள் சபையில் பாட்லக் என்றால் முதலில் வந்து மேசை போடுகிறவர், கடைசியில் பாத்திரம் கழுவிவிட்டுப் போகிறவர். ஆப்பிள் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை. ஐம்பது வயதைத் தொட்டபோது முதுகு விட்டுவிட்டது. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் நர்ஸ் எய்டு பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், நீ வா, உனக்கு இயல்பாகவே கைவரும் என்று சொன்னேன். விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தேன். இரண்டு வாரம் அவர் என் கண்ணிலேயே படவில்லை.

பிறகு சபை வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்காரவைத்துச் சொன்னார். 1996-ல், இருபதுகளின் தொடக்கத்தில், குழந்தைக்குப் பால்பவுடரும் டயப்பரும் வாங்க, வயதான உறவினர் ஒருவரின் செக் புத்தகத்தில் அவர் கையெழுத்தைத் தானே போட்டுக் கடையில் கொடுத்திருக்கிறார். இருநூறு டாலருக்குச் சற்று மேல். குற்றத்தை ஒப்புக்கொண்டார். இரண்டு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு, பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும், கோர்ட்டுச் செலவு. எல்லாவற்றையும் கட்டி முடித்தார். சிறைக்குப் போகவில்லை. ஆனால் அது பெலனி. பெருங்குற்றம்.

அந்தக் குற்றத்துக்கு மிச்சிகன் சட்டத்தில் உள்ள பெயரைக் கேளுங்கள்: அட்டரிங் அண்ட் பப்ளிஷிங். சொல்லுதலும் வெளியிடுதலும். இந்த நேரலையில் இருக்கும் அத்தனை பேரும் செய்துகொண்டிருக்கும் காரியம்தான்! ஆங்கிலேயரின் பழைய சட்டமொழி அது. பொய்யான ஆவணத்தை மெய்யென்று சொல்லி இன்னொருவர் முன்னால் வைப்பது. அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டுகள். தொகை இருநூறா இரண்டாயிரமா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. பெலனி என்ற சொல்லுக்கே பழைய இங்கிலாந்தில் கனமான பொருள் இருந்தது. பெலனி செய்தவன் நிலத்தையும் பொருளையும் இழப்பான். பெரும்பாலும் உயிரையும். போலி ஆவணத்துக்குத் தூக்கில் போட்ட காலம் ஒன்று அங்கே இருந்தது. அந்த நீண்ட நிழலின் நுனி ஒரு பால்பவுடர் டப்பாவின்மேல் விழுந்திருக்கிறது.

சரி, முதலில் அந்த ஏட்டைக் கண்டுபிடிக்கவேண்டும். அவரிடம் ஒரு தாளும் இல்லை. வெட்கத்தில் எல்லாவற்றையும் எப்போதோ அடுப்பில் போட்டிருந்தார். வழக்கு எண் நினைவில்லை. எந்த மாதம் என்பதும் நிச்சயமில்லை. இணையத்தில் தேடினால் வராதா என்று கேட்பீர்கள். மிச்சிகன் மாநிலப் போலீஸின் ஐசாட் என்ற தளத்தில் பத்து டாலர் கட்டி, பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தால் யாருடைய குற்றப் பதிவையும் யாரும் பார்க்கலாம். பார்த்தோம். இருந்தது. ஆனால் வழக்கை மூட விண்ணப்பிக்க அந்த அச்சுத்தாள் போதாது. தீர்ப்பு கொடுத்த நீதிமன்றத்தின் சான்றளித்த நகல் வேண்டும்.

ஆகவே கோர்ட்ஹவுஸ். முதலில் தவறான ஜன்னலுக்குப் போனோம். மிச்சிகனில் பெலனி வழக்கு கீழே டிஸ்டிரிக்ட் நீதிமன்றத்தில் தொடங்கும். அங்கே முதல் விசாரணை முடிந்தபின் மேலே சர்க்யூட் நீதிமன்றத்துக்குக் கட்டி அனுப்புவார்கள். தண்டனை மேலேதான். அடுத்த ஜன்னலில் இருந்த பெண், என் தோழியோடு பள்ளியில் படித்தவர். இதுதான் நாட்டுப்புறம். பெரிய நகரமென்றால் எண் கொடுத்துவிட்டு முகம் தெரியாமல் போய்விடலாம். இங்கே எழுத்தர் உங்கள் பெயரைக் கேட்கமாட்டார், உங்கள் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்பார். என் தோழி என் பின்னால் பாதி மறைந்து நின்றார். நான்தான் பிறந்த தேதியும் வருடமும் சொன்னேன்.

எனக்கு ஆச்சரியம், அந்தப் பெண் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நீ யார், உனக்கு இது எதற்கு, ஒன்றுமே இல்லை. ஒரு பழைய குறியீட்டுப் புத்தகத்தைப் புரட்டி எண்ணை எழுதிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய் மைக்ரோஃபிலிம் சுருளோடு வந்தார். வழக்கு எண்ணின் கடைசியில் எஃப்ஹெச் என்ற இரண்டெழுத்து. சாதாரண பெலனிக்கு அது. ஆயுள்தண்டனை வரை போகக்கூடியவற்றுக்கு எஃப்சி. அந்த சி, கேப்பிட்டல் என்பதற்கு, அதாவது மரணதண்டனைக்கு உரிய குற்றம். ஆனால் மிச்சிகன் கொலைக்கான மரணதண்டனையை ஒழிக்க 1846-லேயே சட்டம் இயற்றிவிட்டது. ஆங்கிலம் பேசும் அரசுகளில் முதலாவது என்பார்கள். தூக்குமரம் போய் ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆகிறது, எழுத்து மட்டும் கோப்பில் உட்கார்ந்திருக்கிறது. பதிவேடுகளின் இயல்பு அப்படி.

என் வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் கவனிக்காத ஒரு நோயாளியின் சார்ட்டைச் சும்மா திறந்து பார்த்தால் என் வேலை போகும். 1996 ஆகஸ்டில் கையெழுத்தான ஹிப்பா சட்டத்திலிருந்து வளர்ந்த விதிகள் அவை. அதே 1996-ல்தான் என் தோழியின் வழக்கும். ஒரு மனுஷியின் இரத்த அழுத்தம் இரகசியம். அவள் வாழ்க்கையின் மிக மோசமான பிற்பகல், சில டாலர் கட்டினால் யாருக்கும் நகல் கிடைக்கும்.

இதைக் கொடுமை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு வாசிக்க வாசிக்கத் தயங்கினேன். நீதிமன்றம் திறந்திருக்கவேண்டும் என்பது குற்றம் சாட்டப்பட்டவரைக் காப்பாற்ற வந்த ஏற்பாடும்கூட. இங்கிலாந்தில் ஸ்டார் சேம்பர் என்ற நீதிமன்றம் ஆளைக் கூப்பிட்டுத் தன்னிச்சையாகத் தண்டித்த வெறுப்பில் 1641-ல் நாடாளுமன்றம் அதை ஒழித்தது. பிரான்சில் மன்னரின் முத்திரைக் கடிதம் ஒன்று போதும், காரணம் சொல்லாமல் ஆளை உள்ளே தள்ள. ஏடு திறந்திருந்தால்தான் யாரை, எதற்காக, எவ்வளவு காலம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஊர் கேட்கமுடியும். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1978-ல் நிக்சன் ஒலிநாடாக்கள் தொடர்பான வழக்கில், நீதிமன்ற ஆவணங்களைப் பார்க்கவும் படியெடுக்கவும் மக்களுக்குப் பொதுவான உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டது. அது முடிவற்ற உரிமை அல்ல என்றும் அதே தீர்ப்பில் சொன்னது.

நம் மொழியில் அம்பலம் என்ற சொல் இருக்கிறது. ஊர் கூடும் இடம், நியாயம் பேசும் இடம். எங்கள் பக்கம் அம்பலக்காரர் என்றால் நியாயம் சொல்லும் பெரிய மனிதர். ஆனால் ஒருத்தி பெயர் அம்பலம் ஏறிவிட்டது என்றால்? அதே சொல், அவமானம். நியாயம் கிடைக்கும் இடமும் மானம் போகும் இடமும் ஒன்றே என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது. அமெரிக்கர்கள் அதை இரண்டு நூற்றாண்டு வழக்காடிக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அம்பலத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. அடுத்த ஊருக்குப் போய்விட்டால் கதை பின்னால் வராது. கவுண்டியின் கீழ்த்தளத்தில் கிடந்த ஏடும் அப்படித்தான். திறந்திருக்கும், ஆனால் அதைப் பார்க்க ஒருவர் அந்தக் கவுண்டிக்கு வந்து, படியிறங்கி, புத்தகம் புரட்டவேண்டும். 1989-ல் ஒரு வழக்கு. நிருபர்கள் அமைப்பு ஒன்று எஃப்பிஐயிடம் இருந்த ஒருவரின் குற்றப் பட்டியலைக் கேட்டது. சம்பவங்கள் எல்லாம் எங்கோ பகிரங்கப் பதிவுகளில் உள்ளவைதானே என்பது அவர்கள் வாதம். உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. நாடெங்கும் கவுண்டி கவுண்டியாகச் சிதறிக் கிடக்கும் தாள்களும், ஒரே கணினியில் தொகுத்து வைத்த பட்டியலும் ஒன்றல்ல என்றது. சிதறிக் கிடப்பதாலேயே மனிதருக்கு ஒரு மறைவு இருக்கிறது. அந்த மறைவுக்கு மதிப்பு உண்டு. என் அபிப்பிராயத்தில் இந்த விஷயத்தில் எழுதப்பட்ட புத்திசாலித்தனமான தீர்ப்பு அதுதான். ஆனால் அதைக் காலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. நீதிமன்றங்கள் கணினிக்கு மாறின. தனியார் கம்பெனிகள் பதிவுகளை மொத்தமாக வாங்கித் தொகுத்தன. பின்னணிச் சோதனைக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் 1970-லேயே வந்தது. தண்டனை விவரங்களை ஏழு ஆண்டுக்கு மேல் பொதுவாக அறிக்கையில் சேர்க்கக்கூடாது என்று அதில் இருந்தது. 1998-ல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். என் தோழி கண்காணிப்புக் காலத்தை முடித்த அதே ஆண்டு! இனி ஆயுள் முழுக்கச் சொல்லலாம்.

சொன்னால் என்ன ஆகும்? மிச்சிகன் ஏரிக்கு அக்கரையில் மில்வாக்கி. அங்கே டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் இளைஞர்களை ஜோடி ஜோடியாக வேலை தேட அனுப்பினார். தகுதி ஒன்றுதான். ஒருவர் மட்டும் போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போனதாகச் சொல்வார். 2003-ல் முடிவுகள் வந்தன. பதிவில்லாத வெள்ளையர்களில் 34 சதவீதம் பேரைத் திரும்ப அழைத்தார்கள், பதிவுள்ள வெள்ளையர்களில் 17. பதிவில்லாத கறுப்பர்களில் 14. பதிவுள்ள கறுப்பர்களில் 5. மூன்றாவது எண்ணில் நான் நீண்ட நேரம் நின்றேன். எந்தத் தப்பும் செய்யாத கறுப்பு இளைஞன், சிறைக்குப் போன வெள்ளை இளைஞனுக்குப் பின்னால் நிற்கிறான். என் தோழி வெள்ளைக்காரர். அவரே அதைச் சொன்னார்: எனக்கே இப்படி என்றால்?

மூடுவதன் கதைக்கு வருகிறேன். மிச்சிகனில் தண்டனையை ஒதுக்கிவைக்கும் சட்டம் 1965-லேயே இருக்கிறது, அந்த ஆண்டின் 213-ஆம் எண் சட்டம். ஒரே ஒரு குற்றம் செய்தவருக்கு ஒரு வாசல். பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கினார்கள். ஆனால் வாசல் இருந்து என்ன, யார் உள்ளே போனார்கள்? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிரெஸ்காட், ஸ்டார் என்ற இரு சட்டப் பேராசிரியர்கள் மாநிலத்தின் பதிவுகளை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். தகுதி வந்து ஐந்து ஆண்டுக்குள் உண்மையில் மூடிக்கொண்டவர்கள் 6.5 சதவீதம். மூடிக்கொண்டவர்களின் வருமானம் ஓராண்டில் சராசரியாக 22 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. மீண்டும் குற்றத்துக்குப் போனவர்கள் மிகக் குறைவு. நூறு பேரில் தொண்ணூற்று மூன்று பேர் ஏன் வரவில்லை? அந்த ஜன்னலில் என் பின்னால் ஒளிந்து நின்றவரைப் பார்த்த எனக்குப் பேராசிரியர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் பார்த்துத்தான் சில மாநிலங்கள், மனிதன் வந்து கேட்க வேண்டாம், கணினியே மூடட்டும் என்று யோசித்தன. முதலில் பென்சில்வேனியா, 2018-ல். மிச்சிகனில் 2020 அக்டோபரில் ஆளுநர் விட்மர் கையெழுத்திட்டார். விண்ணப்பம் கொடுத்து மூன்று பெலனி வரை ஒதுக்கிவைக்கலாம் என்ற விதி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தானாக மூடும் ஏற்பாடு 2023 ஏப்ரல் 11-ல். பத்து ஆண்டு கடந்த பெலனிகளில் இரண்டு வரை யாரும் கேட்காமலே மறையும்.

என் தோழி அந்த ஏப்ரல் 11-ஐக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தார். மறுநாள் காலை பத்து டாலர் கட்டிப் பார்த்தோம். இருந்தது. ஒரு வாரம் பொறுத்து இன்னொரு பத்து டாலர். இருந்தது. கணினி தாமதம் என்று நான்தான் ஆறுதல் சொன்னேன். தாமதம் இல்லை. சட்டத்தை உட்கார்ந்து வாசித்தபோது தெரிந்தது: தானாக மூடுவதிலிருந்து சிலவற்றை விலக்கியிருக்கிறார்கள். தாக்குதல் குற்றங்கள், பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ளவை, நேர்மையின்மைக் குற்றங்கள். போலிக் கையெழுத்து நேர்மையின்மை. அட்டரிங் அண்ட் பப்ளிஷிங் 14 ஆண்டு. இரண்டு கதவும் சாத்தியிருந்தன. நேர்மையின்மை என்ற அந்தச் சொல்லை அவரிடம் மொழிபெயர்க்கவேண்டியதே இல்லை, அவருடைய மொழிதானே. அவர் முகத்தைப் பார்க்காமல் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

விண்ணப்ப வழி மட்டும் திறந்திருந்தது. ஒற்றைப் பெலனிக்கு ஐந்து ஆண்டு கடந்தால் போதும், அவருக்கு இருபத்தைந்து கடந்துவிட்டது. எம்சி 227 என்ற படிவம். சான்றளித்த தீர்ப்பு நகல். மாநிலப் போலீஸுக்கு ஐம்பது டாலர். அட்டர்னி ஜெனரலுக்கும் அரசு வழக்கறிஞருக்கும் ஒரு பிரதி. பிறகு, பத்து விரல்களின் ரேகை.

ஷெரிஃப் ஆபீஸுக்கு நாங்கள் போன அந்த மதியம்தான் இந்தக் கட்டுரை என் மனதில் தொடங்கியது என்று சொல்லலாம். விரலை உருட்டிப் பதிக்கும் பெண் காவலர் என் தோழியிடம், தளர்வாக விடுங்கள், நான் உருட்டிக்கொள்கிறேன் என்றார். நர்ஸ் லைசன்ஸுக்கும் கிரீன் கார்டுக்கும் நானும் இப்படி விரல் கொடுத்தவள்தான். இந்த வித்தை எங்கிருந்து அமெரிக்காவுக்கு வந்தது? நம்மிடமிருந்து. 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரின் கைப்பதிவை ஒப்பந்தத் தாளில் வாங்கினார். அவன் பின்னால் பேச்சு மாறக்கூடாது என்பதற்காக. ரேகைகளை எண்ணாக மாற்றி வரிசைப்படுத்தும் முறை எட்வர்ட் ஹென்றியின் பெயரில் வழங்குகிறது. கணக்கைப் போட்டவர்கள் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய சப் இன்ஸ்பெக்டர்கள். 1897-ல் கல்கத்தாவில் ரேகைக் காரியாலயம். 1901-ல் ஸ்காட்லண்ட் யார்டு. 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கு வந்த ஸ்காட்லண்ட் யார்டு காவலர் ஒருவர் அமெரிக்கர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1924-ல் எஃப்பிஐ தன் அடையாளப் பிரிவைத் தொடங்கியபோது கையில் 8,10,188 ரேகை அட்டைகள்.

அதே காலத்தில் மதுரைப் பக்கம் என்ன நடந்தது என்பதை உங்களில் பலர் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊரில் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயர். தனி மனிதன் செய்த குற்றத்துக்கு அல்ல, பிறந்த பிறப்புக்கே பதிவேடு. விரலைக் கொடு, இரவில் வந்து ஸ்டேஷனில் படு, அடுத்த ஊருக்குப் போகச் சீட்டு வாங்கு. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் விரல் கொடுக்கமாட்டோம் என்றவர்கள்மேல் போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை 1947-ல் நீக்கியது, நாடு முழுக்க 1952-ல்.

இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. என் தோழி ஒரு காரியம் செய்தார், நீதிமன்றம் விசாரித்தது. பெருங்காமநல்லூர்க்காரர்கள் எதுவும் செய்யவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தேன். அங்கே விரலைக் கேட்டது பதிவேட்டில் ஏற்றுவதற்கு. இங்கே பதிவேட்டிலிருந்து இறங்குவதற்கும் முதலில் விரலைக் கொடுக்கவேண்டியிருக்கிறது. மையைத் துடைக்கக் காகிதத் துண்டு கொடுத்தார்கள். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.

விசாரணை நாள். கொரோனாவுக்குப் பிறகு மிச்சிகனின் பல நீதிமன்றங்கள் நடவடிக்கைகளை யூடியூபில் நேரலையாகக் காட்டுகின்றன, நாம் இப்போது செய்வதுபோல. ஒரு பெயரை மறைப்பதற்கான விசாரணையை ஊரே பார்க்கலாம் என்ற வேடிக்கையைச் சொல்லித் தோழியைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன், சிரிக்கவில்லை. சட்டத்தின்படி இது உரிமை அல்ல, நீதிபதி தரக்கூடிய சலுகை. தண்டனைக்குப் பிந்தைய நடத்தை, பொதுநலன் இரண்டையும் பார்த்துச் சொல்வார். சபை ஆயர் ஒரு கடிதம் கொடுத்திருந்தார், ஆப்பிள் கொட்டகை மேலாளர் ஒன்று, நான் ஒன்று. எனக்கு ஆங்கிலத்தில் அழகாக எழுத வராது. சார்ட் எழுதுவதுபோல எழுதினேன்: இத்தனை வருடமாகத் தெரியும், இன்ன நாள் இன்னது செய்தார். அரசு வழக்கறிஞர் எதிர்க்கவில்லை. நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த உறவினர் இப்போது எங்கே? என் தோழி சொன்னார், நான்தான் கடைசி வரைக்கும் அவரைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்டேன், என் வீட்டில்தான் இறந்தார். இது எனக்கே தெரியாது. கையெழுத்தைத் திருடியவளின் கையில்தான் அந்தக் கிழவி கண்ணை மூடியிருக்கிறாள். எந்தக் கோப்பிலும் அது இல்லை.

எல்லாம் எட்டு நிமிடத்தில் முடிந்தது. கட்டிய அபராதம் திரும்ப வராது, அதையும் சட்டம் மறக்காமல் சொல்லியிருக்கிறது. மாநிலப் போலீஸ் ஒரு பிரதியைப் பொதுமக்கள் பார்வையில் படாமல் வைத்துக்கொள்ளும், பின்னால் இன்னொரு குற்றம் செய்தால் எடுப்பார்கள். அதைத் தெரிந்தே வெளியே சொல்பவருக்குத் தண்டனை உண்டு, 90 நாள் வரை சிறை. ஆக, எரித்துவிடவில்லை. உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

ஊர் நினைவைப் பூட்ட முடியுமா? எங்கள் டவுன் வார இதழில் கோர்ட்டுச் செய்திக்கென்று ஒரு பத்தி உண்டு. பழைய இதழ்கள் நூலகத்தில் மைக்ரோஃபிலிமாக இருக்கின்றன. 1996-ன் அந்த வாரமும் இருக்கிறது. கிளீவ்லாந்தில் ஒரு செய்தித்தளம் 2018-லிருந்து பழைய சிறு குற்றச் செய்திகளில் பெயரை நீக்க விண்ணப்பம் வாங்குகிறது, பாஸ்டன் குளோப் 2021-ல் தொடங்கியது. எங்கள் வார இதழில் அப்படி எதுவும் இல்லை. நூலகச் சுருளை யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்றேன். பார்க்கவேண்டாம், அன்றைக்கு வாசித்தவர்கள் எல்லாம் இங்கேதான் இருக்கிறார்கள் என்றார். எங்கள் ஊர்ச் சபைப் பதிவேட்டிலும் நற்கருணையிலிருந்து நிறுத்திவைத்தவர்கள் பெயரை எழுதிவைப்பார்கள் என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். மறுபடி சேர்த்துக்கொண்ட தேதியையும் பக்கத்திலேயே எழுதுவார்களாம். அந்த இரண்டாவது தேதியை யாரும் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை என்பாள்.

டொராண்டோவிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: இங்கே குடியேறி வந்த நம் பிள்ளைகள் இப்படி மூடிக்கொண்டால் விசாவுக்குப் பிரச்சினை தீருமா? அமெரிக்காவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், இது முக்கியம். தீராது. மாநிலம் மூடிய தண்டனை குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் தண்டனையாகவே நிற்கும். குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 1999-லேயே ரோல்டான் என்ற வழக்கில் அப்படித் தீர்ப்பளித்துவிட்டது. குடியுரிமைப் படிவமும் மூடியவற்றையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறது. யாரோ சொன்னார்கள் என்று 'இல்லை' என எழுதிவிட்டால், பழைய குற்றத்தைவிட அந்தப் பொய் பெரிதாகிவிடும். குடியுரிமை இல்லாத பையன் ஒருவன் சின்ன வழக்கில் மாட்டினாலும், குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். பின்னால் மூடிக்கொள்ளலாம் என்று எண்ணி ஒப்புக்கொள்ளவேண்டாம்.

என் தோழி நர்ஸ் எய்டு பயிற்சி முடித்து இப்போது எங்கள் இல்லத்தில் பகல் பணி. நான் இரவு. காலை ஏழு மணிக்கு ரிப்போர்ட் கொடுக்கும்போது பார்த்துக்கொள்வோம். போன மாதம் ஒரு கவரைக் கொண்டுவந்து காட்டினார். கவுண்டி கோர்ட்ஹவுஸிலிருந்து வந்தது, உறையைப் பார்த்ததும் கை நடுங்கியதாம். உள்ளே ஜூரி தகுதிப் படிவம். மிச்சிகனில் பெலனி தண்டனை உள்ளவர் ஜூரியில் உட்கார முடியாது, அதற்கென்றே ஒரு கேள்வி. மருந்து வண்டியின்மேல் படிவத்தை வைத்து என் பேனாவை வாங்கினார். வலது பக்கக் கட்டத்தில் 'இல்லை' என்று குறித்தார். தேதியை என்னிடம் கேட்டார், சொன்னேன், எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வேறு கேள்விகள் இருந்தால் கேளுங்கள், கொஞ்சம் காப்பி ஊற்றிக்கொண்டு வருகிறேன்.